இலைக்கு வந்த நோயும் இரத்தத்திற்கு வந்த நோயும்

பதுளைக்குக் கிழக்கே, பசறைக்கும் லுணுகலைக்கும் மேலாக எழுந்து நிற்பது மடுல்சீமை மலை. 1869ஆம் ஆண்டிலே அம்மலைச்சாரலில் இருந்த கோப்பித் தோட்டமொன்றில், செடிகளின் இலைகளுக்கு அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறமான பொட்டுகள் காணப்பட்டன. இலங்கையிற் கோப்பி இலைநோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் அதுவே. நோயுற்ற இலைகள் பேராதனைப் பூங்காவுக்குச் சென்றன. அங்கு அதிபராயிருந்த துவைட்ஸ் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். பங்கசு எனப்படும் காளான் இனங்களை ஆராய்வதிற் பெயர்பெற்றிருந்த பேர்க்லி பாதிரியார், அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே நோய்க்குக் காரணமான பங்கசை இனங்கண்டு அதற்குப் பெயரும் சூட்டிவிட்டார். 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இதற்கென்றே இலங்கைக்கு அழைக்கப்பட்டு, இரண்டாண்டுக் காலம் இலையையும் பங்கசையும் ஆராய்ந்தார். கோப்பி பிழைக்கவில்லை, ஊவா மலைகளிலும் அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. ஆயினும், ஓர் இலைக்கு நோய் வந்தால் அதனைப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு விரைவிலே எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அச்செடிகளை நட்டவர்களும், கான் வெட்டியவர்களும், பிற்காலத்தில் கொழுந்து கிள்ளியவர்களும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களிடையேயும் ஒரு நோய் இருந்தது. முகம் வெளுக்கும், கண்ணிமையின் உட்புறம் பஞ்சு போலாகும், பாதங்கள் வீங்கும், நாலு படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். சிலருக்கு மண்ணைத் தின்னும் ஆசையும் உண்டாகும். காலைப் பிரட்டுக்கு வந்து நின்றாலும் மலையேற மாட்டாமல் பின்தங்கும் இத்தகையவனுக்குத் தோட்டத்தில் வழங்கிய பெயர் 'சோம்பேறி' என்பது. வேலை குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்தால் அரிசி குறையும். அரிசி குறைந்தால் உடல் மேலும் தளரும். இந்தச் சுற்றுக்குள் அகப்பட்டவனுடைய இரத்தத்தை எடுத்துப் பார்க்கவேண்டும் என்று எவருக்கும் தோன்ற நெடுங்காலம் சென்றது.

அறிவு இல்லாமையால் நேர்ந்த தாமதம் என்று இதனைச் சொல்லிவிட முடியாது. 1838இல் மிலான் நகரிலே டுபினி என்னும் மருத்துவர், இறந்த பெண்ணொருத்தியின் குடலில் கொழுக்கிப்புழுவைக் கண்டிருந்தார். 1880இல், அதாவது மார்ஷல் வார்ட் இலங்கைக்கு வந்த அதே ஆண்டில், ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோட்டார்ட் சுரங்கப்பாதை அமைத்த இத்தாலியத் தொழிலாளரிடையே கொடிய சோகைநோய் பரவியது. தூரின் நகர மருத்துவர்கள் அதற்குக் காரணம் இப்புழுவே என்று நிலைநாட்டினார்கள். தைமோல் என்னும் மருந்தால் புழுவை வெளியேற்றவும் செய்தார்கள். இலங்கையிலும் 1887இல், அரசாங்கத்தின் பிரதம மருத்துவ அதிகாரியாயிருந்த கின்சி ஓர் அறிக்கை வெளியிட்டார். இந்நாட்டிலே 'பெரிபெரி' என்ற பெயரால் வழங்கிவந்த நோய் உண்மையிற் குடற்புழுவால் விளையும் சோகையே என்பது அவர் கொண்ட முடிபு. இரண்டு நோய்களை அவர் ஒன்றாக்கிவிட்டார் என்று பிற்காலத்தவர் குறை கூறினர். அது ஒருபுறமிருக்க, புழுவையும் இரத்தக்குறைவையும் அரசாங்க ஏட்டிலே சேர்த்து எழுதிவைத்தவர் அவர். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இலேயே சட்டம் பிறந்திருந்தது. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. சட்டமும் இருந்தது, அறிக்கையும் இருந்தது. தோட்டந்தோறும் சென்று புழுவைத் தேடும் பெருமுயற்சி தொடங்கியதோ 1916ஆம் ஆண்டிலேதான்.

அம்முயற்சி அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்திலிருந்து வந்தது. அதன் கீழ்த்திசைப் பணிப்பாளரான விக்டர் ஹைசர் இலங்கைக்கு வந்து தோட்டத்துரைமாருடன் பேசிய பின்னர், மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேலை தொடங்கிற்று. இரத்தத்தின் நிலையை அறிய அக்காலத்தில் மலைநாட்டுக்கு எடுத்துச் செல்லத்தக்க கருவிகள் மிகவும் எளியனவே. பின்லாந்தைச் சேர்ந்த தால்க்விஸ்ட் 1900இல் ஒரு வழி சொன்னார்: ஒரு துளி இரத்தத்தை ஒற்றுத்தாளில் விட்டு, அதன் சிவப்பைப் பத்துப் படிகளாக அச்சிட்ட நிறங்களோடு ஒப்பிடுவது. சுவிற்சர்லாந்தின் சாலி, இரத்தத்தை அமிலத்திற் கரைத்துக் கபிலநிறமாக்கிக் கண்ணாடியோடு ஒப்பிட்டார். இரண்டுமே கண்ணை நம்பிய முறைகள். அந்தி வெளிச்சத்திலும் மப்பிலும் விடை மாறும். மலப் பரிசோதனை அவ்வாறன்று; பூதக்கண்ணாடியில் முட்டை தெரிந்தால் புழு உண்டென்பது உறுதி. தோட்டங்களிற் சோதித்த இடமெல்லாம் மிகப் பெரும்பாலோரிடத்தில் அது காணப்பட்டது.

ஊவாவின் நிலமும் வானிலையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டியவை. கொழுக்கிப்புழுவின் முட்டை மண்ணிற் பொரிப்பதற்கு ஈரமும் நிழலும் மிதமான வெப்பமும் வேண்டும். பொரித்த புழுக்குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். இதனை 1898இல் எகிப்திலே லூஸ் என்பவர், தம் கையிற் சிந்திய நீர்த்துளியால் தற்செயலாக அறிந்தார். பதுளை நகரம் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருப்பது. அப்புத்தளையோ 1,400 மீற்றருக்கு மேற்பட்டது. மேல்மலைகளின் குளிரிற் புழுக்குஞ்சு மந்தமாகவே வளரும். பசறை முதலான தாழ்ந்த சாரல்களில் வெப்பம் அதற்கு ஏற்றது. ஆடி ஆவணியிலே வீசும் கச்சான் காற்று ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் வாய்ந்த மணத்தைத் தருவது; அதே காற்று மண்ணை வறட்டிப் புழுக்குஞ்சுகளையும் கொல்லும். ஆனால் மாரி மழை வந்ததும் லயங்களின் பின்புறத்துப் புதர்நிலம் மீண்டும் ஈரமாகும். மலகூடம் இல்லாத லயத்துக்கு அந்தப் புதரே மலகூடம்.

திட்டம் தடுமாறியதும் இவ்விடத்திலேதான். மருந்து கொடுத்தால் புழு விழும். செருப்பில்லாத கால் அதே மண்ணை மிதிக்கும். சில மாதங்களிற் புழு மீண்டும் ஏறும். மலகூடம் கட்டுங்கள் என்று றொக்பெல்லர் மருத்துவர்கள் வற்புறுத்தினார்கள். தொழிலாளி விரைவில் வேலைக்குத் திரும்புவதை விரும்பிய துரைமார்களிற் பலர், கட்டடச் செலவை விரும்பவில்லை. மருந்து மலிவு, கட்டடம் செலவு என்ற கணக்கை அவர்கள் ஒருபோதும் மறந்ததில்லை. நிறுவனத்தாரும் பிற்காலத்தில் ஒரு நோயை மாத்திரம் துரத்துவதை விட்டு, 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவை அமைத்துப் பொதுச் சுகாதாரத்தின்பால் திரும்பினர்.

மருந்தின் கதையும் இனியதன்று. முதலில் தைமோலும் சீனப்போடிய எண்ணெயும் வழங்கின. பின்னது அளவு மிஞ்சினால் உயிரையே வாங்கும். 1921இல் அமெரிக்க மிருக வைத்திய விஞ்ஞானி மொறிஸ் ஹோல், காபன் நாற்குளோரைட்டு என்னும் திரவம் கொழுக்கிப்புழுவை விரைவிற் கொல்வதைக் கண்டார். தாமே அதனைக் குடித்தும் பார்த்தார். அது ஈரலுக்குத் தீங்கு செய்யுமா என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தைத் தீர்க்க முற்பட்டவர்களுள் இலங்கையிற் பணியாற்றிய டொச்சேர்ட்டியும் நிக்கல்ஸும் அடங்குவர். மரணதண்டனை விதிக்கப்பெற்ற கைதிகள் மூவருக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது; தூக்கிலிடப்பட்ட பின் அவர்களுடைய ஈரல்கள் பரிசோதிக்கப்பட்டன. முடிபுகள் 1923இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தன. இன்றைய மருத்துவ அறம் இதற்கு இடங்கொடாது. ஏழைகளின் உடலுக்குரிய மருந்தொன்றின் அளவு யாருடைய உடலிலே கணிக்கப்பட்டது என்பதை இந்நாட்டு வரலாறு மறைக்கவும் முடியாது.

இனி, உடலுக்குள் நடைபெறும் இரசாயனக் கணக்கைப் பார்க்கலாம். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஈமோகுளோபின். அதன் நடுவே இருப்பது இரும்பு. நல்ல இரத்தம் ஒரு மில்லிலீற்றரில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. வளர்ந்த ஆணொருவன் உணவிலிருந்து நாளொன்றுக்கு உறிஞ்சிக்கொள்ள வேண்டியது ஒரு மில்லிகிராமளவே. மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு இன்னும் சற்று மிகுதி வேண்டும். வெனிசுவேலாவிலே றோச்சே, லைறிஸே என்னும் ஆராய்ச்சியாளர்கள், கதிர்வீசும் குரோமியத்தாற் செங்குருதிக் கணங்களுக்கு அடையாளமிட்டு, புழு எவ்வளவு இரத்தத்தை இழக்கச் செய்கிறது என்பதை 1950களிலும் 1960களிலும் அளந்தார்கள். எமது பக்கத்திலே மிகுதியாயுள்ள கொழுக்கிப்புழு இனத்தில் ஒரு புழுவால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.03 மில்லிலீற்றர் இரத்தம் போகும். அற்பம் என்றே தோன்றும். நூறு புழுக்கள் இருந்தாலோ மூன்று மில்லிலீற்றர். ஒன்றரை மில்லிகிராம் இரும்பு. அதிலொரு பகுதியைக் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது மெய்யே. ஆயினும், சோற்றையும் ரொட்டியையும் நம்பி வாழும் ஒரு பெண், பிள்ளைப்பேறும் மாதவிடாயும் ஏற்கெனவே குறைத்துவிட்ட சேமிப்பிலிருந்து இந்தக் கடனை எத்தனை நாள் கட்டுவாள்?

'சோம்பேறி' என்ற சொல்லுக்கு அளவையால் விடை கிடைத்தது 1970களில். பேராதனை மருத்துவ பீடத்தின் செனவிரத்தின தோட்டத் தொழிலாளரின் சோகையை ஆராய்ந்துவந்தார். அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து கார்ட்னரும் எட்ஜேர்ட்டனும், ஜப்பானியரான ஒஹிராவும் அவரோடு சேர்ந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்கள் எழுபத்தைந்து பேரை நகரும் தட்டின்மேல் நடக்கவைத்து அவர்கள் எழுதிய ஆய்வு 1977இல் வெளிவந்தது. ஈமோகுளோபின் குறையக் குறைய நடக்கக்கூடிய நேரமும் குறைந்தது. நடந்து முடிந்ததும் இரத்தத்திலே லக்றேற்று என்னும் பொருள் உயர்ந்து நின்றது. தசை உழைக்க முயன்றது, அதற்கு வேண்டிய ஒட்சிசன் போய்ச் சேரவில்லை என்பதே அதன் பொருள்.

1979இல் வெளிவந்த அடுத்த ஆய்வு இதனினும் எளியது, இதனினும் கூர்மையானது. சில பெண்களுக்கு இரும்புச்சத்து மருந்தும், சிலருக்கு மருந்தைப் போன்ற வெறும் பொருளும் கொடுக்கப்பட்டன. பின்னர் அவர்கள் நாள்தோறும் பறித்த கொழுந்து கணக்கெடுக்கப்பட்டது. ஒரு மாதத்தில், ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலான கொழுந்து பறித்தார்கள். நூறு மில்லிலீற்றருக்கு 6 முதல் 9 கிராம் வரை ஈமோகுளோபின் இருந்தவர்களிடத்தே முன்னேற்றம் மிகுதி. நாள் முழுவதும் அவர்கள் நடமாடும் அளவையும் கருவியாற் பதிவு செய்தபோது, மருந்து பெற்றவர்கள் வீட்டிலும் வெளியிலும் கூடுதலாக இயங்கினர். எவரும் அவர்களை அதட்டவில்லை, கங்காணி மாறவில்லை, மாறியது இரத்தத்திலுள்ள இரும்பு ஒன்றே. கொழுந்து மடுவத்து நிறுவை, நூறாண்டுகளாகத் தொழிலாளியின் கூலியை வெட்டுவதற்கு உதவிய அதே வகை நிறுவை, இம்முறை தொழிலாளியின் பக்கத்திற்குச் சாட்சி சொல்லிற்று.

கொழுக்கிப்புழுவின் கொடுமை இன்று பெரிதும் குறைந்துவிட்டது. ஒரே வேளையிற் கொடுக்கத்தக்க தீங்கற்ற மருந்துகள் வந்துவிட்டன. 1994 முதல் தோட்டப்புறங்களிற் புழுநீக்கும் மருந்து கூட்டாக வழங்கப்பட்டது. இரும்புக்குறைவு மாத்திரம் உணவின் வழியாக இன்னும் நிற்கிறது. அதில் ஒரு விந்தையும் உண்டு. 1975இல் தென்னாபிரிக்க ஆராய்ச்சியாளர்கள், தேநீரிலுள்ள தனின் என்னும் துவர்ப்பொருள் சோற்றிலும் ரொட்டியிலும் உள்ள இரும்போடு கூடிக் கரையாப் பொருளாகி, குடல் அதனை உறிஞ்சவொட்டாமல் தடுக்கிறது என்று காட்டினார்கள். ஆகவே பதுளை மாவட்டத் தோட்டப்புறச் சிகிச்சை நிலையங்களிற் கருவுற்ற தாய்மாருக்கு இரும்பு மாத்திரை கொடுக்கும் மருத்துவமாது, அதனைச் சாயத்தண்ணீரோடு விழுங்கவேண்டாம் என்று சொல்லியே அனுப்புகிறார். விடியற்காலையிற் பிரட்டுக்குப் போகுமுன் வயிற்றுக்குள் இறங்குவது பெரும்பாலும் அதுவே ஆகையால், மாத்திரையை இரவிலே எடுக்கச் சொல்வதும் உண்டு.