கீலிங் வளைகோடு

கீலிங் வளைகோடு என்பது வளிமண்டலக் கார்பன் டை ஆக்சைடின் அளவு 1958 முதல் மாறிவரும் விதத்தைக் காட்டும் வரைபடம். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் டேவிட் கீலிங் (1928–2005) ஹவாய்த் தீவில் தொடங்கிய அளவீடுகளே இதன் அடிப்படை.

பின்னணி: காற்றில் இவ்வாயு பெருகினால் புவி எவ்வளவு வெப்பமடையும் என்று சுவீடன் வேதியியலாளர் அரீனியஸ் 1896இல் கணக்கிட்டார். ஆனால், எரிபொருள் புகையிலிருந்து வரும் வாயுவைப் பெரும்பாலும் கடலே ஈர்த்துக்கொள்ளும் என்று அறிஞர் பலர் நம்பினர். அளவு உண்மையிலேயே கூடுகிறதா என்று காட்டத்தக்க துல்லியமான தொடர் அளவீடு அன்று இல்லை.

அளவீடு: பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி (1957–58), ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் கருவி நிறுவப்பட்டது. ஆலைகளோ அடர்ந்த காடுகளோ அருகில் இல்லாததால் அங்கு தூய கடற்காற்று கிடைத்தது. குழாயில் செலுத்திய காற்று அகச்சிவப்புக் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு வாயுவின் அளவு கணிக்கப்பட்டது. எரிமலைப் புகை கலந்த அளவீடுகள் நீக்கப்பட்டன. கண்ணாடிக் குடுவையில் மாதிரி எடுப்பவர், தம் மூச்சு கலந்துவிடாதபடி காற்றுக்கு எதிர்முகமாக நின்று மூச்சை அடக்கிக்கொண்டே அதைத் திறப்பார்.

முடிவுகள்: 1958 மார்ச்சில் பத்து இலட்சத்துக்கு 313 பங்கு பதிவாயிற்று. ஆண்டுதோறும் மே மாதத்தில் அளவு உச்சத்தை எட்டி, வட அரைக்கோளத் தாவரங்கள் தழைக்கும் கோடையில் இறங்கியது; ஆனால் ஒவ்வோர் ஆண்டின் உச்சமும் முந்தையதைவிட உயர்ந்தது. இவ்விரு போக்குகளையும் கீலிங் 1960இல் வெளியிட்டார். 1964இல் நிதி வெட்டால் சில மாதங்கள் பதிவு தடைப்பட்டது. அதை மீட்க அவர் விடாது போராடினார். 1974 முதல் அமெரிக்க அரசின் வளிமண்டல ஆய்வு அமைப்பும் அங்கே தனியாக அளந்துவருகிறது. 2022 நவம்பரில் எரிமலைக் குழம்பு சாலையையும் மின்தடத்தையும் துண்டித்தபோது, அருகிலுள்ள மௌனா கியா மலையில் அளவீடு தொடர்ந்தது.

முக்கியத்துவம்: அண்டார்க்டிகாவில் துளையிட்டு எடுத்த பனிக்கட்டியில் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகள், தொழிற்புரட்சிக்கு முன் இந்த அளவு ஏறத்தாழ 280 பங்கு என்றும், அதற்கு முந்தைய 8 இலட்சம் ஆண்டுகளில் 300 பங்குக்குள்ளேயே அடங்கியிருந்தது என்றும் காட்டுகின்றன. 2024இன் சராசரியோ 424 பங்கைத் தாண்டியது. பருவநிலை மாற்றத்தில் மனிதரின் பங்கை நிறுவும் சான்றுகளில் இவ்வளைகோடு தலையாயது. சலிக்காமல் அளந்துகொண்டே இருந்த உழைப்புதான் அச்சான்றை உலகுக்குத் தந்தது. அந்த அளவீட்டைத் தொடர நிதியளிப்பது அரசுகளின் கடமை.