காக்கா ராதாகிருஷ்ணன்

காக்கா ராதாகிருஷ்ணன் (1925 – 14 சூன் 2012) பாய்ஸ் கம்பெனி நாடக மேடையில் வளர்ந்து, தமிழ்த் திரையில் முதலில் நகைச்சுவை நடிகராகவும் பின்னர் குணச்சித்திர நடிகராகவும் விளங்கியவர். திருச்சி சங்கிலியாண்டபுரத்துக்காரர்.

புதுக்கோட்டை, விராலிமலை வட்டாரத்தில் கோயில் திருவிழா என்றால் இரவில் 'வள்ளி திருமணம்' நாடகம் நடக்கும். அதில் முதலில் மேடையேறுபவர் பபூன். ராஜபார்ட் (நாயக வேடக்காரர்) வரும்வரை பாட்டு, ஆட்டம், சிலேடைப் பேச்சு என்று கூட்டத்தைத் தனியாளாகக் கட்டிப்போட வேண்டும். இதையெல்லாம் சிறுவர்களுக்கு அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுத்த பள்ளிகள்தாம் பாய்ஸ் கம்பெனிகள். பெண் வேடத்தையும் அங்கே பையன்களே கட்டினார்கள். ராதாகிருஷ்ணன் சேர்ந்தது யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில். அவரைப் பார்த்து ஆசைப்பட்டு அதே குழுவுக்குப் போன பக்கத்து வீட்டுப் பையன் கணேசன், பிற்காலச் சிவாஜி.

புதுக்கோட்டைக்காரரான பி. யு. சின்னப்பா நாயகனாக நடித்த 'மங்கையர்க்கரசி' (1949) படம்தான் ராதாகிருஷ்ணனுக்குப் பட்டப்பெயரைத் தந்தது. வேலை வேண்டுமென்றால் காக்கா பிடிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, நிஜமாகவே காக்கை பிடிக்க மரமேறும் அப்பாவி வேடம் அவருக்கு. வழக்குச் சொல்லை அப்படியே நம்பும் வெள்ளந்தித்தனம் பபூன் மேடையின் பழைய சரக்கு. அதைக் கேலியாகக் காட்டாமல், அந்த ஆளாகவே அவர் மாறியதால்தான் 'காக்கா' என்ற பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. 'மனோகரா'வில் (1954) அரசனின் ஆசைநாயகி வசந்தசேனையின் அசட்டு மகன் வசந்தனாக வந்தார். சிவாஜியும் டி. ஆர். ராஜகுமாரியும் வசனத்தால் முழங்கும் அந்தப் படத்தில் அவர் அசட்டுத்தனத்தாலேயே தனித்து நின்றார்.

அவருடைய மிகச் சிறந்த வேடம் இந்த அசட்டு வேடங்களுக்கு நேர் எதிரானது என்பேன். பரதன் இயக்கிய 'தேவர் மகன்' (1992) படத்தில் வில்லன் மாயத்தேவனின் தந்தையாக, பெரியதேவரின் பங்காளியாக, சக்கர நாற்காலியில் முடங்கிய கிழவர். பேச்சும் ஓட்டமும் கற்றுத்தந்த மேடையிலிருந்து வந்தவர், அவை இரண்டும் இல்லாமல் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பகையைச் சுமந்தார். பெரியதேவராக நடித்தவர் சிவாஜி. சங்கிலியாண்டபுரத்துப் பையன்கள் இருவரும் ஒரே குடும்பத்தின் எதிரெதிர்க் கிழவர்களாக அதில் இருந்தார்கள்.

பின்னர் 'காதலுக்கு மரியாதை' (1997), 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' (2004) போன்ற படங்களிலும் நடித்தார். சென்னையில் காலமானார்.