தங்கவயலும் சயனைடு மேடும் ஒரு சான்றிதழும்

கே.ஜி.எஃப். என்றால் இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கு 2018-ல் வந்த சினிமாதான் ஞாபகம் வரும். எனக்கு அது சொந்த ஊர். கோலார் தங்கவயல். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன நம் சனங்கள் குழிக்குள் இறங்கி உழைத்த இடம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி வந்தது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்துக் காவிரி மின்சாரம் கொண்டுவந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ். 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள். 120 வருஷத்தில் எடுத்த தங்கம் 800 டன்னுக்கும் மேல்.

தங்கம் போய்விட்டது, மண் தங்கிவிட்டது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்த நீரில் தங்கத்தைக் கரைத்துப் பிரிப்பார்கள். மிஞ்சிய சக்கையை ஊருக்குள்ளேயே கொட்டினார்கள். இன்று 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீட்டுக்குள் வருகிறது என்பது ஊர்க்காரர்களின் நெடுநாள் புகார்.

நான் படித்தது பி.காம்., பிழைப்பது வங்கியில். அதனால் எனக்குத் தோன்றும் கேள்வி இதுதான்: சுரங்கம் ஓடியபோதே, மூடிய பிறகு இந்த மேட்டைச் சீர்செய்ய யார் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும்? இந்தியாவில் சுரங்க மூடல் திட்டமும் அதற்கான நிதி உத்தரவாதமும் 2003-ல்தான் விதியாக வந்தன. தங்கவயல் மூடி இரண்டு வருஷம் கழித்து!

தங்கவயலின் கடைசி வருஷங்களில் ருமேனியாவில் ஒரு விபத்து. 2000 ஜனவரி 30 அன்று பாயா மாரே என்ற ஊரில் தங்க ஆலையின் கழிவு அணை உடைந்து, சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் ஆற்றில் கலந்தது. ஹங்கேரி வரை மீன்கள் செத்து மிதந்தன. ஆலையில் பங்கு வைத்திருந்த ஆஸ்திரேலியக் கம்பெனி சில வாரங்களிலேயே நிர்வாகிகள் கைக்குப் போனது. மீனோடு சேர்த்துக் கம்பெனியும் காலி.

அதன் விளைவுதான் சர்வதேச சயனைடு மேலாண்மை நெறிமுறை. சேர்வது கட்டாயமில்லை. சேர்ந்துவிட்டால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வெளி ஆடிட்டர் வருவார். மூடும் வேலைக்கான பணத்துக்கு உத்தரவாதமும் காட்ட வேண்டும். சுருக்கத்தை எல்லோரும் படிக்கலாம்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? எங்கள் தொழில் பக்கமிருந்து சொல்கிறேன். 2003-ல் பத்து வங்கிகள் சேர்ந்து ஈக்வேட்டர் கோட்பாடுகளை ஏற்றன. பெரிய திட்டங்களுக்குக் கடன் தருமுன் சுற்றுச்சூழல், மக்கள் பாதிப்பு எல்லாம் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. நாளை அணை உடைந்தால் கடனும் திரும்பாது என்று வங்கிக்காரனுக்குத் தெரியும். அப்போது சான்றிதழ் வைத்திருப்பவரின் ஃபைல்தான் முதலில் நகரும்.

சான்றிதழ் ஒரு காகிதம்தான். ஆடிட்டர் கண்ணை மூடிக்கொண்டால் அதற்கு மதிப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியை, லாபம் வந்துகொண்டிருக்கும் காலத்திலேயே கேட்க வைக்கிறது. மூடிய பிறகு கேட்டால் பதில் சொல்ல யார் இருப்பார்கள்?

நாம் நகை வாங்கும்போது 916 இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்போம். ஹால்மார்க் தங்கத்தின் சுத்தத்தைச் சொல்லும். அதை வெட்டியவர் நுரையீரலில் படிந்த பாறைத் தூசியைச் சொல்லாது.

இது பழைய கதை மட்டுமல்ல. அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. யார் எடுத்தாலும் எடுக்கட்டும், ஊரில் நாலு பேருக்கு வேலை கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் முதல் லாரி நகருமுன், கடைசி லாரி போன பிறகான செலவுக்குப் பணம் எங்கே என்று எழுதி வாங்கிவிட வேண்டும். போன முறை அதை யாரும் கேட்கவில்லை.