காஞ்சிபுரத்துத் தண்டியும் நிருபதுங்கா ரோடும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காபியும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மகள் கன்னட நோட்டைத் திறந்து வைத்து உருப்போட்டுக் கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு, இரண்டாவது மொழி கன்னடம். "உபமேய, உபமான, உபமாவாசக, சமானதர்ம..."

பேப்பரை மடித்து வைத்தேன். இது நம்ம சரக்காச்சே! பொருள், உவமை, உவம உருபு, பொதுத்தன்மை என்று திருவாரூரில் தமிழய்யாவிடம் குட்டு வாங்கிப் படித்தது. "இதெல்லாம் தமிழ்லயும் இருக்கும்மா" என்றேன் பெருமையாக. அவள் நிமிர்ந்து பார்த்து, "அப்படின்னா தமிழ்க்காரங்க கன்னடத்துல இருந்து எடுத்தாங்களாப்பா?" என்றாள்.

சுருக்கென்றது. சனிக்கிழமைதோறும் வீட்டில் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்கு ஏற்கெனவே மாணவி வருகை குறைவு. இதில் இப்படி ஒரு சந்தேகம் வேறு. நான் பி.காம். படித்து வங்கியில் கணக்குப் பார்ப்பவன், புலவனில்லை. ஆனாலும் விட மனசில்லை. ஒரு வாரம் ராத்திரிகளில் புத்தகங்களைப் புரட்டினேன்.

தேதியை மட்டும் பார்த்தால், அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது! அணிகளை விரிவாகச் சொல்லும் கன்னட நூலான கவிராஜமார்க்கம் சுமார் கி.பி. 850இல் எழுதப்பட்டது. இன்று கிடைக்கும் கன்னட நூல்களிலேயே பழையது அதுதான். நம் தண்டியலங்காரமோ 12ஆம் நூற்றாண்டு. கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் பின்னால்.

ஆனால் இரண்டுக்கும் மூலம் ஒன்றே. தண்டி என்பவர் சமஸ்கிருதத்தில் எழுதிய காவ்யாதர்சம். அந்தத் தண்டி எந்த ஊர்க்காரர் தெரியுமோ? பல்லவர்களின் காஞ்சிபுரம்! காலம், கி.பி. 700ஐ ஒட்டி. அவர் குடும்பக் கதைதான் என்னை இழுத்துப் பிடித்தது. கொள்ளுத்தாத்தா தாமோதரர் வடக்கே இருந்து பிழைக்க வந்து சிம்மவிஷ்ணுவின் அவையில் இடம் பிடித்தவர். அதாவது நம்மைப் போல வந்தேறிக் குடும்பம். தண்டி காலத்தில் பகைவர் படை காஞ்சிக்கு வர, ஊரே சிதறியிருக்கிறது. பெற்றோரை இழந்த அவரும் பல வருஷம் ஊர் ஊராக அலைந்து, நிலைமை சரியான பிறகே திரும்பினார் என்று அவந்திசுந்தரி கதை சொல்கிறது.

அவரைவிட அவருடைய புத்தகம் அதிக தூரம் அலைந்தது. 9ஆம் நூற்றாண்டில் இலங்கைக்குப் போய் சிங்களத்தில் சியபஸ்லகர ஆனது. 13ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழிக்கும் போனது. இங்கே கர்நாடகத்தில் ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் அவையில் ஸ்ரீவிஜயன் அதைத் தழுவிக் கவிராஜமார்க்கம் எழுதினார். வெறும் தழுவல் என்று ஒதுக்க முடியாது. காவிரியிலிருந்து கோதாவரி வரை கன்னட நாடு என்று எல்லை சொல்கிறது, தனக்கு முந்தைய கன்னடப் புலவர்களின் பெயர்களையும் பதிந்து வைத்திருக்கிறது.

வேலை நிமித்தமாக ரிசர்வ் வங்கிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அது இருக்கும் சாலையின் பெயர் நிருபதுங்கா ரோடு. இத்தனை வருஷமாக அது யார் பெயர் என்று கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாகத்தான் இருந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். உவமையைப் பற்றித் தமிழன் தண்டியிடம் போய்க் கற்க வேண்டியிருக்கவில்லை. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் உவமவியல் என்று தனி இயலே உண்டு. வினை, பயன், மெய், உரு என்று உவமை பிறக்கும் இடங்களை நான்காகப் பிரிக்கிறது. உள்ளுறை உவமம் என்று ஒன்று சொல்கிறார்கள் பாருங்கள், அது நம்முடைய தனிச்சொத்து. வயலில் எருமை தாமரையை மேய்வதாகப் பாட்டு இருக்கும். படிப்பவருக்குத்தான் தெரியும், அந்த எருமை வீட்டை மறந்து திரியும் கணவன் என்று! 'போல' என்ற சொல்லே கிடையாது.

ஆனால் தொல்காப்பியர் தனி இயல் கொடுத்தது உவமைக்கு மட்டும்தான். உருவகம், தீவகம், வேற்றுமை என்று 35 பொருளணிகளாக வரிசைப்படுத்தும் முறை தண்டி வழியில் வந்தது. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்து வீரசோழியம் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. அடுத்த நூற்றாண்டில் தண்டியலங்காரம். ஆசிரியரின் சொந்தப் பெயர் தெரியவில்லை, தண்டி என்ற பெயரே அவருக்கும் நிலைத்துவிட்டது. உதாரணப் பாடல்கள் தமிழிலேயே அமைந்தவை. சிலவற்றில் அநபாயன் என்ற சோழன் வருகிறான், இரண்டாம் குலோத்துங்கன்.

நான் அசந்துபோனது பெயர்களைப் பார்த்துத்தான். கன்னடத்தில் இன்றும் உத்ப்ரேக்ஷா, அர்த்தாந்தரன்யாச என்று மூலப் பெயர்களே. தமிழில் தற்குறிப்பேற்றம், வேற்றுப்பொருள் வைப்பு. தன் குறிப்பை ஏற்றுவது. பெயரைப் பிரித்தாலே இலக்கணம் வந்துவிடுகிறது. எங்கள் வங்கியில் சுற்றறிக்கைகளை மொழிபெயர்க்கும் புண்ணியவான்கள் இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் :-)

நேற்று சனிக்கிழமை மகளை உட்காரவைத்துக் கதையைச் சொன்னேன். உவமைக்கும் உருவகத்துக்கும் வித்தியாசம் கேட்டாள். எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன். "உவமையில ரெண்டு கணக்கு, ரெண்டுலயும் ஒரே மாதிரி பாக்கி. உருவகத்துல ரெண்டையும் ஒரே கணக்கா இணைச்சுட்டோம்." சிரித்தாள்.

தற்குறிப்பேற்றத்துக்கு வழக்கமான சிலப்பதிகார உதாரணம் சொன்னேன். மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் தானாக அசைகின்றன, கோவலனை வராதே என்று தடுப்பதாக இளங்கோ பார்க்கிறார். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சில்க் போர்டு சிக்னல் நம்ம காரைப் பார்த்ததும் கோபத்துல சிவந்துடுச்சு. சரியாப்பா?"

நூற்றுக்கு நூறு என்றேன். நோட்டில் உத்ப்ரேக்ஷா என்று கன்னடத்தில் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் பென்சிலால் தமிழில் எழுத ஆரம்பித்தாள். பாதியில் நிமிர்ந்து, "இதுக்கு சின்ன ற-வா, பெரிய ற-வா?" என்று கேட்டாள்.