ஒரு நாள் அணியும் 38 வாரக் கணக்கும்: ஃபேன்டசி ஆட்டக்காரர் தேர்வில் திறன் என்பது எங்கே இருக்கிறது?

2010 டிசம்பர் 1 அன்று ஜகார்த்தாவில் நடந்த, தென்கிழக்காசியக் காற்பந்துப் போட்டியான சுசுகிக் கிண்ணத்தின் குழுநிலை ஆட்டத்தில் மலேசியா இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றது. அதே மாதம் 26ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில், இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில், அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்றது. இரண்டிலும் பயிற்றுநர் கே. ராஜகோபால், கோலாலம்பூரின் செந்தூலை ஒட்டிய செத்தாப்பாக்கில் பிறந்தவர். இடையில் 25 நாள்தான்.

இந்த இரண்டு ஆட்டங்களையும், இங்கிலாந்து லீக்கின் உண்மையான ஆட்டக்காரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைக்கும் ஃபேன்டசி பிரீமியர் லீக்கின் புள்ளி விதிப்படி கணக்கிட்டுப் பார்க்கலாம். முழு ஆட்டமும் ஆடிய தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு, களத்தில் நின்றதற்காக 2 புள்ளி. எதிரணி போடும் ஒவ்வோர் இரண்டு கோலுக்கும் 1 புள்ளி கழிவு. ஐந்து கோல் வாங்கிய ஜகார்த்தா ஆட்டத்தில் அவர் கையில் மிஞ்சுவது சுழியம். புக்கிட் ஜாலிலில் கோல் விடாததற்கான 4 சேர்ந்து 6. எதிரி மாறவில்லை, விதி மாறவில்லை. அப்படியிருக்க, மலேசியத் தற்காப்பாளரை முதல் நாளில் எடுத்தவருக்குக் காற்பந்து தெரியாது, 26ஆம் தேதி எடுத்தவருக்குத் தெரியும் என்று தீர்ப்புச் சொல்ல முடியுமா?

ஃபேன்டசி அணித் தேர்வு திறனா அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் கேட்டு வந்திருப்பது ஆட்டத்தின் தன்மையைப் பற்றிய கேள்வி. கேட்டிருக்க வேண்டியது சுற்றுகளின் எண்ணிக்கையைப் பற்றி என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரே தேர்வு, ஒரே அறிவு, ஒரே விதி. ஒரு நாளுக்கு ஆடினால் ஏறக்குறைய சூதாகவும், ஒரு முழுப் பருவத்தின் 38 வாரத்துக்கு ஆடினால் ஏறக்குறைய கலையாகவும் இருக்கும்.

செந்தூலில் இதைப் பார்க்க நூலகம் போக வேண்டியதில்லை. இங்கிலாந்தில் கோடை நேரம் நடப்பில் இருக்கும் மாதங்களில், சனிக்கிழமையின் முதல் ஆட்டம் நமக்கு மாலை 7.30க்குத் தொடங்கும். அதற்கு 90 நிமிடம் முன்பாக அணியைப் பூட்டிவிட வேண்டும் என்பதால், ஜாலான் ஈப்போ பக்கத்து ஒட்டுக்கடைகளில் ஆறு மணிவாக்கில் தே தாரேக் ஆறிப்போகும். புள்ளி இரட்டிப்பாகும் கேப்டனாக யாரைப் போடுவது என்பதுதான் பேச்சு. அதே சனிக்கிழமை மாலை நாலு நம்பர் குலுக்கலும் உண்டு. கனவில் வந்த எண், விபத்தில் நசுங்கிய காரின் பலகை எண், பேத்தி பிறந்த நேரம் என்று அதற்கும் ஒரு தேர்வு முறை இருக்கிறது. ஒரே மேசையில் ஒருவர் தொலைபேசியில் காயப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் இருப்பவர் எண் எழுதிய துண்டுத்தாளைச் சட்டைப்பையில் வைக்கிறார். இருவருமே தங்களுக்கு ஒரு முறை இருப்பதாக நம்புகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட முதலில் தேர்வின் உள்ளே போக வேண்டும்.

ஃபேன்டசி பிரீமியர் லீக்கில் 10 கோடி பவுண்டு கற்பனைப் பணத்தில் 15 பேரை வாங்க வேண்டும்: இரண்டு கோல் காவலர், ஐந்து தற்காப்பாளர், ஐந்து நடுத்திடல் ஆட்டக்காரர், மூன்று தாக்குதல் ஆட்டக்காரர். ஒரே கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் கூடாது. இந்த வரம்புகள் இல்லாவிட்டால் இது வெறும் ரசனைப் பட்டியல். வரம்பு வந்தவுடன் கேள்வி மாறிவிடுகிறது. யார் சிறந்தவர் என்பதை விட்டுவிட்டு, விலைக்கு மேல் யார் தருவார் என்று தேட வேண்டியிருக்கிறது. 2024-25 பருவத்தில் முகம்மது சாலா 344 புள்ளி எடுத்தார். தொடக்க விலை 1.25 கோடி. 2023-24இல் கோல் பால்மர் 244 எடுத்தார். தொடக்க விலை 50 இலட்சம். 2015-16இல் லெஸ்டர் பட்டம் வென்றபோது ரியாத் மாரெஸ் 55 இலட்சத்துக்குக் கிடைத்து 240 புள்ளி தந்தார். பத்து இலட்சத்துக்கு எத்தனை புள்ளி என்று வகுத்தால் சாலா 27.5, மாரெஸ் ஏறக்குறைய 43.6, பால்மர் 48.8. அதிகப் புள்ளி எடுத்தவர் சாலாதான். ஆனால் பருவத் தொடக்கத்திலேயே பால்மரை எடுத்து வைத்தவர் மிச்சப்படுத்திய 75 இலட்சத்தில் இன்னோர் ஆளை மேம்படுத்தியிருப்பார்.

ஆனாலும் விலைக்கணக்கு மட்டும் போதாது. களத்தில் இடம் 11 பேருக்குத்தான். மலிவானவர்களாகவே அடுக்கினால் பணம் மிஞ்சும், இடம் தீர்ந்துவிடும். செலவழிக்காத பணத்துக்கு யாரும் புள்ளி தருவதில்லை. அதனால் தேர்ந்த ஆட்டக்காரர் மூன்று நான்கு விலையுயர்ந்தவர்களைத் தாங்கும் அளவுக்கு மலிவானவர்களைத் தேடுகிறார். மலிவானவர் ஒவ்வொரு வாரமும் 90 நிமிடம் ஆடுபவராக இருந்தால் போதும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மேதையைவிட, களத்தில் நிற்கும் சுமாரானவர் இங்கே மேல்.

இன்னொன்று, மற்றவர்கள் யாரை வைத்திருக்கிறார்கள் என்பது. குழுவில் எல்லாரும் சாலாவைக் கேப்டன் போட்டிருந்தால், அவர் மூன்று கோல் போட்டாலும் நமக்கு முன்னேற்றம் இல்லை. நாம் மட்டும் அவரை விட்டிருந்தால் சரிவு. முன்னணியில் இருப்பவர் கூட்டத்தோடு போவார், பின்னால் இருப்பவர் கூட்டம் தொடாத ஆளைத் தேடுவார். பருவக் கடைசியில் செந்தூல் மேசைகளில் நடக்கும் சண்டை பெரும்பாலும் இதைப் பற்றியதுதான். ஆட்டக்காரரைப் பற்றிய அறிவு பாதி. எதிராளியைப் பற்றிய அறிவு மறுபாதி.

இதன் தீவிர வடிவம் அமெரிக்காவின் தினசரி ஃபேன்டசி பேஸ்பால். டிராஃப்ட்கிங்ஸ் தளத்தில் 50,000 டாலர் கற்பனைச் சம்பளத்துக்குள் பத்துப் பேரை எடுக்க வேண்டும். இரண்டு பேர் பந்தெறிபவர்கள், எட்டுப் பேர் மட்டையாளர்கள். அன்றிரவு ஆட்டங்கள் முடிந்ததும் அணி கலைந்துவிடும். அங்கே தேர்வு செய்பவர்கள் ஒரே அணியில் அடுத்தடுத்து ஆடவரும் நான்கைந்து மட்டையாளர்களைச் சேர்த்தே எடுப்பார்கள். முன்னவர் ஓடி முடிக்கும் ஓட்டம், பின்னவர் அடித்த அடியால் வருவது. அந்த ஒரே நிகழ்வு இருவருக்கும் புள்ளி தரும். எதிரணிப் பந்தெறிபவரைத் தொடமாட்டார்கள். எறிபவர் இடக்கையா வலக்கையா, மழை வருமா, ஆட்டம் டென்வரில் நடக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கும் மேலே உள்ள டென்வரின் மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் போகும். இவ்வளவும் உண்மையான அறிவு. ஆனாலும் மிகச் சிறந்த மட்டையாளர் பத்து முறை அடிக்கவந்தால் ஏறக்குறைய ஏழு முறை வெறுங்கையோடு திரும்புகிறார். ஓர் இரவில் அவருக்குக் கிடைப்பது நான்கைந்து வாய்ப்பு. இத்தனை அறிவும் அந்த நான்கைந்து வாய்ப்பின் முன் என்ன செய்யும்?

ஓர் எளிய கணக்கு. இரண்டு பேர் போட்டியிடுகிறார்கள். ஒருவர் உண்மையிலேயே திறமையானவர். சராசரியாகச் சுற்றுக்கு 2 புள்ளி கூடுதலாக எடுப்பார். இருவருக்கும் இடையிலான புள்ளி வேறுபாட்டின் திட்ட விலக்கம் சுற்றுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். எண்கள் என் அனுமானம். அவற்றை மாற்றினாலும் வாதம் மாறாது. ஒரே ஒரு சுற்றில் திறமையானவர் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 54. நாணயம் சுண்டுவதைவிட நூலிழை மேல். 38 சுற்றின் கூட்டுத்தொகையில் அது 73 ஆகிறது. ஐந்து பருவம், அதாவது 190 சுற்று சேர்த்தால் ஏறக்குறைய 92. திறமையின் நன்மை சுற்றுகளோடு நேராகக் கூடுகிறது; அதிர்ஷ்டத்தின் ஆட்டமோ சுற்றுகளின் வர்க்கமூலத்தோடுதான் கூடுகிறது. ஆகவே திறன் தோன்றக் காலம் வேண்டும்.

இப்போது அந்த நாலு நம்பர் துண்டுத்தாளுக்குத் திரும்பலாம். 10,000 எண்களில் ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு. ஒரு வெள்ளிக்குப் பெரிய வகைப் பந்தயத்தில் முதல் பரிசு 2,500, அடுத்து 1,000, 500. சிறப்புப் பரிசு பத்துக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்துக்குத் தலா 60. எல்லாம் கூட்டினால் 6,400. பத்தாயிரத்தால் வகுத்தால் ஒரு வெள்ளிக்கு 64 காசு. எந்தக் கனவு கண்டாலும் இது மாறாது. இங்கேயும் காலம் நீண்டால் ஒன்று வெளிப்படுகிறது. ஆனால் வெளிப்படுவது வெள்ளிக்கு 36 காசு இழப்பு. மேசையில் இருந்த அந்த இருவருக்கும் வேறுபாடு இதுதான்: வாரங்கள் கூடக் கூட ஒருவரிடம் உள்ளது தெரிய வருகிறது, மற்றவரிடமிருந்து போனது தெரிய வருகிறது. ஒரு சனிக்கிழமையை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றே.

சட்டங்கள் இந்தக் கால அளவைக் கணக்கில் எடுக்கவில்லை. இந்தியாவில் அடிப்படைத் தீர்ப்புக்கான வழக்கு சென்னையிலிருந்து போனது. கே.ஆர். லட்சுமணன் வழக்கில், கிண்டியில் குதிரைப் பந்தயம் நடத்தி வந்த மெட்ராஸ் ரேஸ் கிளப் சார்பில் எழுந்த கேள்விக்கு, 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தில் திறனே மேலோங்கி நிற்கிறது என்று விடை சொன்னது. 2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அதே அளவுகோலை இந்திய ஃபேன்டசி தளமான ட்ரீம்11க்குப் பொருத்தி, அதுவும் திறன் ஆட்டமே என்றது. அமெரிக்காவில் 2015இல் நெவாடா தினசரி ஃபேன்டசியைச் சூதாட்டம் என்றது. 2022இல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் திறன் ஆட்டம் என்றது. ஏழு நீதிபதிகளில் ஒருவர் மாறியிருந்தால் தீர்ப்பே மாறியிருக்கும். கேள்வியே சரியில்லை என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

மலேசியாவின் 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. அதிர்ஷ்ட ஆட்டமோ, அதிர்ஷ்டமும் திறனும் கலந்த ஆட்டமோ, பணத்துக்காகவோ பண மதிப்புள்ள ஒன்றுக்காகவோ ஆடினால் அது சூது என்று அதன் வரையறை சொல்கிறது. எது மேலோங்குகிறது என்று தராசு பிடிக்கவில்லை. குடியேற்ற ஆட்சி எழுதிய சட்டத்தைப் பாராட்ட நேர்வது எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் கலப்பை ஒப்புக்கொண்ட அளவில் அது நேர்மையானது. இந்தியாவும் 2025 ஆகஸ்டில் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டத்தில், திறனா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் வைத்து ஆடுவதைத் தடைசெய்தது. ட்ரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்திவிட்டு, இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டை விளம்பரத்திலிருந்தும் விலகியது. கோலாலம்பூரில் 1953இலேயே எழுதப்பட்ட இடத்துக்கு டெல்லி சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தினமும் ஆடுபவருக்கும் நீண்ட காலம் இருக்கிறதே. பேஸ்பால் பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டம், எனவே தினசரி ஆட்டக்காரருக்கு 38ஐவிட அதிகச் சுற்று கிடைக்குமே என்று கேட்கலாம். கணக்களவில் சரி. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நுழைவுக் கட்டணத்தின் ஒரு பங்கை நடத்துபவர் முதலிலேயே எடுத்துக்கொள்கிறார். சற்றே திறமையானவரின் நூலிழை நன்மையை அந்தப் பங்கு விழுங்கிவிடும். நாலு நம்பரின் 36 காசு வேறு பெயரில் திரும்பி வருகிறது. மேலும் பெரிய போட்டிகளில் ஒரே ஆள் 150 அணி வரை இறக்கலாம். முதலும் கணினியும் உள்ளவர் பல இரவுகளின் வாய்ப்பை ஒரே இரவில் விலைக்கு வாங்குகிறார். சம்பளப் பணத்தில் ஓர் அணி போடுபவர், தன் திறன் தெரியவரும் முன்பே கைப்பணம் தீர்ந்து எழுந்து போகிறார். தினசரி வடிவத்தில் நீண்ட காலம் இருக்கிறது, ஆனால் அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

ஆகவே இத்தகைய ஆட்டங்களை ஒழுங்குபடுத்த முனையும் சட்டவாணர்கள், பணம் உண்டா என்பதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: முடிவு எத்தனை சுற்றின் கூட்டுத்தொகையில் தீர்மானிக்கப்படுகிறது, அத்தனை சுற்றையும் சாதாரண ஆட்டக்காரர் தாக்குப்பிடிக்க முடியுமா? இலவசமாக 38 வாரம் ஆடப்படும் செந்தூல் மேசை இரண்டிலும் தேறும். கட்டணம் வாங்கி ஓர் இரவில் முடியும் போட்டி, அதில் எவ்வளவு புள்ளிவிவரம் புழங்கினாலும், இரண்டிலும் தவறும்.

காற்பந்துச் சங்கங்கள் இதை எப்போதோ உணர்ந்திருக்கின்றன. சுசுகிக் கிண்ண இறுதி ஒரே ஆட்டத்தில் முடிந்ததில்லை. 2010 டிசம்பர் 29 அன்று ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் ராஜகோபாலின் அணி 1-2 என்று தோற்றது. மொத்தக் கணக்கு 4-2, கிண்ணம் மலேசியாவுக்கு.