கமலைக்குப் பின் வந்த மின்சாரம்

திண்டுக்கல் சமவெளியில் பழைய கிணறுகளை எட்டிப் பார்த்தால், கமலை ஓடிய கல்தூண்கள் சிலவற்றில் இன்னும் நிற்பதைக் காணலாம். மாடு இறைத்த காலம் போய் மோட்டார் இறைக்கத் தொடங்கியதை நம் எழுத்தாளர்கள் போதிய அளவு எழுதவில்லை என்ற மனக்குறை நமக்கு உண்டு. அது எந்திரம் மாறிய கதை மட்டுமன்று.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று இன்று புதிய சொல்லாகப் பேசுகிறோம். தமிழகத்தின் மேற்கு மாவட்டங்கள் பெருமளவில் கண்ட முதல் மின்சாரமே மலையிலிருந்து விழுந்த நீரால் ஆனதுதான். கம்பிகள் கிராமங்களை அடைந்தபின் பாறையைக் குடைந்து கிணற்றை ஆழப்படுத்துவது எளிதாயிற்று. ஆழம் கூடக்கூட மோட்டாரின் பசியும் கூடியது. மின்கட்டணம் உழவனின் கணக்கில் பெரிய எண்ணாகி நின்றது.

அங்கிருந்து தொடங்கியதுதான் சி. நாராயணசாமி நாயுடுவின் விவசாயிகள் இயக்கம். யூனிட்டுக்குச் சில காசு உயர்வை எதிர்த்து 1970இல் எழுந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் உயிர்கள் பலியாயின. 1978இல் வேடசந்தூரிலும் துப்பாக்கி வெடித்தது; விவசாயிகள் இறந்தனர். அப்போது இப்பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். காசுக்கணக்கு என்று நகரத்தார் எள்ளிய ஒன்றுக்காக உயிர் கொடுத்த ஊர் அது என்பதை, அவ்வழியே பேருந்தில் கடக்கும்போதெல்லாம் நாம் நினைத்துக்கொள்கிறோம்.

1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. அதைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் கதிரவன் தரும் மின்சாரத்துக்கு இங்கே எதிரி நிலக்கரி மட்டுமன்று. 2019இல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் சூரிய பம்புசெட்டுக்கு மானியம் உண்டு. மிச்சத்தை விவசாயி போட வேண்டும். கட்டணமே இல்லாத இணைப்பு கையிலிருப்பவன் எதற்காகப் பணம் போடுவான்? இணைப்புக்கு விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவனுக்குத்தான் அந்தத் தகடு தேவைப்படுகிறது. மும்முனை மின்சாரம் முறைவைத்து வந்த காலத்தில் டார்ச் விளக்கோடு நள்ளிரவில் மடை திருப்பியவர்களுக்கும் பகல் மின்சாரத்தின் அருமை தெரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இதை அதிகம் பேர் பேசுவதில்லை. வெயிலுக்கும் விலையில்லை. காலை முதல் மாலைவரை செலவின்றி ஓடும் பம்பு, ஏற்கெனவே மிகை நீரெடுப்பால் வற்றிய நிலத்தடியை இன்னும் கீழே தள்ளாதா? மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்க வழியிருந்தால், உழவன் தண்ணீரை இறைக்காமல் விடுவதிலும் வருமானம் காண்பான் என்கிறார்கள். குசும் திட்டத்தின் ஒரு பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஆனால் விற்பதற்கு மீட்டர் வேண்டும். இலவச இணைப்பில் மீட்டர் என்ற சொல் எழுந்தாலே, அடுத்துக் கட்டணம் வரும் என்று கிராமம் சந்தேகிக்கிறது. வேடசந்தூரின் நினைவுள்ள மண்ணில் அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்க நம்மால் முடியவில்லை.