காலங்காலமான வழக்கம் எந்த வருசத்து வழக்கம்? மகத் நகரின் மூன்று காகிதங்கள்

"இது காலங்காலமா இருக்கிற வழக்கம் தம்பி, நாங்க புதுசா எதுவும் செய்யல." களப்பணிக்குப் போகும் ஊர்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. பொதுக்குழாய், சுடுகாட்டுப் பாதை, கோயில் திருவிழா என்று எதைப் பற்றிப் பேசினாலும் இதே பதில்தான். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு ஊர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்ற கதை ஒன்று உண்டு. அந்த ஊர் மகத்.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்த காட்சி நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கொங்கண் சிறுநகரம் விட்டுவைத்திருக்கும் காகிதங்களை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. படித்தால் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும்.

முதல் காகிதம் 1924ஆம் ஆண்டு நகராட்சித் தீர்மானம். பொது நிதியில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகளையும் கிணறுகளையும் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று 1923 ஆகஸ்ட் 4 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அதை ஏற்று மகத் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டது, காகிதத்தில். மூன்று ஆண்டுகள் எந்தச் சலசலப்பும் இல்லை. குளத்தில் இறங்க நம் மக்களை ஊர் விடவில்லை. தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டிய அவசரமும் ஊருக்கு வரவில்லை.

மார்ச் 20 அன்று மக்கள் உண்மையிலேயே குளத்தில் இறங்கினார்கள். அன்றே, அடுத்துக் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி அவர்களை அடித்தார்கள். பிறகு சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 குடங்களைக் குளத்தில் கொட்டித் 'தீட்டு' கழித்தார்கள். மாட்டின் சாணத்தால் சுத்தமாகும் குளம், மனிதரின் கை பட்டால் அசுத்தமாகிறதாம்!

அடுத்து வந்தது இரண்டாவது காகிதம். 1927 ஆகஸ்ட் 4 அன்று நகராட்சி தன் பழைய தீர்மானத்தை ரத்து செய்தது. போலே தீர்மானம் நிறைவேறிய அதே தேதி, சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து. யாரும் பயன்படுத்தாத உரிமை யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. பயன்படுத்தியதும் அதைப் பறித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது காகிதம் வழக்கு. 1927 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் அம்பேத்கர் மீதும் தோழர்கள் மீதும் வழக்குப் போட்டு, 14ஆம் தேதி இடைக்காலத் தடை வாங்கினார்கள். அதனால் டிசம்பர் மாநாட்டுக்குத் திரண்ட மக்கள் குளத்தில் இறங்கவில்லை. 25ஆம் தேதி மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள்.

வழக்கில் அவர்கள் வைத்த வாதங்கள் இரண்டு: குளம் தனியார் சொத்து போன்றது, தீண்டப்படாதோர் அதைப் பயன்படுத்தாதது தொன்றுதொட்டு வரும் வழக்கம். தனியார் சொத்து என்றால் அதைத் திறந்துவிடவும் மூடவும் நகராட்சி ஏன் தீர்மானம் போட்டது?

மகத், தாணே நீதிமன்றங்களில் தோற்று, வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1937 மார்ச் 17 அன்று நீதிபதிகள் புரூம்ஃபீல்டும் வாடியாவும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். 1922இல் காந்திக்கு ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதித்த அதே புரூம்ஃபீல்டுதான். குளம் நகராட்சியுடையது, அவர்கள் சொன்ன 'தொன்றுதொட்ட வழக்கம்' நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பு.

இங்கே நாம் ஏமாந்துவிடக் கூடாது. தீண்டாமை தவறு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. வழக்கம் நிரூபிக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அப்படியே நின்றது. அதை மூட 1950இல் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் 2022இல் வேங்கைவயல் நடந்தது.

ஆனாலும் மகத் நமக்கு ஒரு கருவியைத் தந்திருக்கிறது. உங்கள் ஊராட்சியின், பேரூராட்சியின் தீர்மானப் பதிவேட்டைத் தேடிப் படியுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். குளம் யார் பெயரில் இருக்கிறது, கிணறு எந்த நிதியில் வெட்டப்பட்டது, பாதையை மறித்த சுவர் எப்போது எழும்பியது என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை யாராவது "காலங்காலமா" என்று ஆரம்பித்தால், குறிப்பேட்டைத் திறந்து ஒன்றே ஒன்று கேட்போம்: எந்த வருசத்திலிருந்து?